கடைசி பஸ் எத்தனை மணிக்கு? மொரீஷியஸுக்குத் தனியாக வரலாமா என்று கேட்டவருக்கு

கேள்வி இதுதான். கோயம்புத்தூரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்யும் பெண், வயது 29. செப்டம்பரில் பத்து நாள் மொரீஷியஸ் வரப் பார்க்கிறார். டூர் கம்பெனி வேண்டாம், கூட வர ஆளும் இல்லை. வீட்டில் சொன்னதும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தடுக்கிறார்கள். "பொம்பளைப் பிள்ளை தனியாகப் போகிற ஊரா அது" என்கிறார் அப்பா. "அது தேனிலவுக்குப் போகிற இடம்டி" என்கிறார் அக்கா. "ரிசார்ட்டை விட்டு வெளியே வந்தால் டாக்சிக்கே சம்பளம் போய்விடும், பிரெஞ்சு தெரியாமல் ஒன்றும் நடக்காது" என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். இன்னொருவர் நேர்மாறாக, "அங்கே எல்லாம் நம்ம தமிழ் ஆட்கள்தான், நம்ம ஊர் மாதிரி சுத்தலாம்" என்கிறார். இதில் எதை நம்புவது?

பதிலுக்கு முன்னால் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மாயேபூருக்கு வந்து 19 வருடம் ஆகிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், தென்கிழக்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர் இது. மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறோம். அதனால் 'வாருங்கள்' என்று சொல்வதில் எனக்கு லாபம் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

உங்கள் வீட்டில் சொல்கிற பயங்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தனியாக வந்தவர்கள் திண்டாடி நான் பார்த்தது அந்த விஷயங்களில் இல்லை. திருட்டிலும் மாட்டவில்லை, பாஷையிலும் மாட்டவில்லை. கடிகாரத்தில் மாட்டினார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் உங்கள் அக்கா.

இந்தத் தீவில் 12 லட்சத்துக்கு மேல் ஜனம் இருக்கிறது. எல்லாரும் தேனிலவில் இல்லை. காலை ஆறரைக்கு டிபன் டப்பாவோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், பிள்ளைகளை ட்யூஷனுக்கு அனுப்புகிறார்கள், சனிக்கிழமை கார் கழுவுகிறார்கள். படங்களில் வருகிற ஹோட்டல்கள் கடற்கரை ஓரத்துத் துண்டு துண்டான நிலங்கள். அவற்றுக்குப் பின்னால் கரும்பு, கரும்புக்குப் பின்னால் ஊர். அந்த ஊருக்கு ஒற்றை ஆளாக வருவதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: கடற்கரை ஹோட்டலுக்குச் சொந்தமில்லை. அலை ஏறி நிற்கிற கோடு வரைக்கும் மணல் எல்லாருக்கும் பொது. ஹோட்டல்காரர் நாற்காலி போடலாம், உங்களை எழுந்து போகச் சொல்ல முடியாது. வாசல் வழியாக உள்ளே விடாமல் இருக்கலாம், அதனால் பக்கத்துப் பொதுக் கடற்கரையில் இறங்கி மணலிலேயே நடந்து போங்கள்.

அப்பாவின் பயத்துக்கு வருவோம். பகலில் பஸ், சந்தை, கோவில், நகரத் தெரு எங்கே ஒரு பெண் தனியாகப் போனாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காலை பஸ்ஸில் ஏறினால் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரசு அலுவலகத்துக்கும் போகிற பெண்கள்தான் கண்ணில் படுவார்கள். நீங்கள் வருவது செப்டம்பர் என்பதால் ஒன்று சொல்கிறேன். பெர் லவால் என்ற பாதிரியார் 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். வருடா வருடம் அந்த நாளுக்கு முந்தின இரவில், தலைநகர் போர்ட் லூயி பக்கத்தில் சேன்ட் க்ருவாவில் இருக்கும் அவர் சமாதிக்குத் தீவின் நாலா பக்கத்திலிருந்தும் ஜனம் நடந்தே போகும். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை. கையில் டார்ச்சும் தண்ணீர் பாட்டிலுமாக என் நாத்தனாரும் ஒரு வருடம் போனார், வீட்டில் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு. நம்ம ஊரில் பழனிக்கு நடக்கிற கூட்டம் மாதிரிதான்.

அதற்காக இங்கே திருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. துண்டுக்கு அடியில் போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போவது, கடற்கரையில் நிறுத்திய வாடகைக் காரின் பின் சீட்டில் பையை விடுவது, தரைத்தள அறையில் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குவது, இந்த மூன்றையும் செய்யாமல் இருந்தாலே பாதி கவலை தீர்ந்தது. இருட்டிய பிறகு ஆளில்லாத கடற்கரையில் நடக்காதீர்கள். இங்கே பிறந்து வளர்ந்த பெண்களும் நடப்பதில்லை. போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 114. எழுதி வைத்துக்கொண்டால் போதும். அறை எடுக்கும்போது சுற்றுலா ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உரிமம் உள்ளவர்கள் உடனே எண்ணைச் சொல்வார்கள், இல்லாதவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

இப்போது கடிகாரம்.

மொரீஷியஸைப் படத்தில் பார்க்கிறவர்களுக்கு முதல் ஏமாற்றம் அதன் அளவு. நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. கோவையிலிருந்து உடுமலைப்பேட்டை போகிற தூரத்துக்குள் ஒரு நாடே அடங்கிவிட்டதே, ஒரு நாளில் மூன்று மூலையையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். போனில் வரைபடம் ஒரு மணி நேரம் என்று காட்டும். அது காருக்கு. பஸ் பாதைகள் வேறு மாதிரி ஓடுகின்றன. போர்ட் லூயி, க்யூர்பீப், ஃப்ளாக் மாதிரி நாலைந்து ஊர்களில் போய் முடிச்சுப் போட்டுக்கொண்டு அங்கிருந்து பிரியும். மாயேபூரிலிருந்து வடக்கே க்ராண்ட் பே போக வேண்டுமா, போர்ட் லூயியில் விக்டோரியா நிலையத்தில் இறங்கி, ஊரின் மறு கோடியில் இருக்கும் வடக்கு பஸ் நிலையத்துக்கு நடந்தோ மெட்ரோவிலோ போய், அங்கே வேறு பஸ் ஏற வேண்டும். ஒரு காலை நேரம் முழுக்க அதற்கே சரி.

பஸ் மோசம் என்று சொல்லவில்லை. எனக்கு இங்கே மிகவும் பிடித்தது பஸ்தான். அசோக் லேலண்ட் வண்டிகள் நிறைய ஓடுகின்றன. மேட்டில் கியர் மாற்றும்போது வருகிற அந்த உறுமலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வள்ளியூர் தாண்டுகிற மாதிரி இருக்கும். நடத்துநர் சீட்டுக்கே வந்து டிக்கெட் தருவார். எங்கே இறங்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டால் போதும், அந்த இடம் வந்ததும் பின்னால் திரும்பி உங்களைத்தான் தேடுவார். ஒரு தடவை ஒரு விருந்தினர் அசந்து தூங்கிவிட, நடத்துநர் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, அவர் பையையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போனில் நீலப் புள்ளியைப் பார்த்தபடி, யாரிடமும் வாய் திறக்காமல் போகிறவர்கள்தான் தவறான நிறுத்தத்தில் இறங்குகிறார்கள். தனியாகப் பயணம் போவது என்றால் யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பது என்று பலருக்கும் ஒரு நினைப்பு. டூரில் வருகிறவர் ஒரே ஒரு வழிகாட்டியை நம்பினால் போதும். தனியாக வருகிறவர் ஒரு நாளைக்குப் பத்துப் பேரை நம்பியாக வேண்டும்.

சிக்கல் சாயங்காலம். நகரங்களை இணைக்கிற பஸ்கள் ஏழு, எட்டு மணி வரை இருக்கும். கிராமத்துப் பக்கம் ஆறு, ஆறரை ஆனால் முடிந்தது. சில வழித்தடங்களில் அதற்கும் முன்னாலேயே. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் என்றால் இன்னும் குறைவு. விடுமுறைகளும் இங்கே நிறைய. தைப்பூசக் காவடிக்கு விடுமுறை, விநாயகர் சதுர்த்திக்கு விடுமுறை, சீனப் புத்தாண்டுக்கும் ரம்ஜானுக்கும் விடுமுறை. ஜூனில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், செப்டம்பரில் ஆறு மணிக்கு. நம்ம ஊர் மாதிரியேதான், பொழுது மெதுவாக மங்காது. தட்டென்று இருட்டும்.

மூன்று வருடம் முன்னால் மதுரையிலிருந்து ஒரு தம்பி வந்து தங்கினார், கம்ப்யூட்டர் வேலை. எல்லாவற்றையும் எக்செல் தாளில் போட்டு வைத்திருந்தார். எந்தக் கடற்கரையில் எத்தனை நிமிடம் என்பது வரைக்கும் இருந்தது. ஒரு நாள் கிழக்கே த்ரூ தோ தூஸ் போய், அங்கிருந்து படகில் இலோசேர் தீவு. போகும்போது எல்லாம் கணக்குப்படி நடந்தது. தண்ணீர் அழகாக இருக்கிறது என்று கடைசிப் படகு வரைக்கும் இருந்துவிட்டார். கரைக்கு வந்து பஸ் பிடித்து ஃப்ளாக் போய்ச் சேர்ந்தபோது மாயேபூர் பஸ் கிளம்பிப் போயிருந்தது. அதுதான் கடைசி. நிலையத்தில் கடைகளுக்கு ஷட்டர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். போனில் சார்ஜ் நாலு சதவீதம். அவர் தாளில் போகிற பஸ்ஸுக்கு மூன்று கட்டங்கள் இருந்தன, வருகிற பஸ்ஸுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

கறிகாய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாதான், "எங்கே போகணும்?" என்று இங்கத்துப் பேச்சு மொழியான கிரியோலில் கேட்டிருக்கிறார். இவருக்குப் புரியவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் உச்சுக்கொட்டிவிட்டு, தன் போனிலிருந்து எங்கள் எண்ணுக்குப் போட்டார். நாங்கள் தெரிந்த டாக்சிக்காரரை அனுப்பினோம். அவர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அந்த அம்மா தன் மகனின் வேனைக் கிளப்ப விடாமல் இவரோடு உட்கார்ந்திருந்தார். அன்று படகுக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்ததை எல்லாம் சேர்த்தாலும் அந்த டாக்சிக் கூலிக்குக் கீழேதான். மறுநாள் காலையில் எக்செல் தாளில் ஒரு புதுப் பத்தி சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே நீங்கள் கிரியோலில் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டு வந்தால், வணக்கத்துக்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்: "கி லேர் தெர்னியே பிஸ்?" கடைசி பஸ் எத்தனை மணிக்கு? எங்கே இறங்கினாலும் இறங்கின உடனே, ஊரைப் பார்ப்பதற்கு முன்னால், நடத்துநரிடமோ நிறுத்தத்தில் நிற்கிற பாட்டியிடமோ இதைக் கேளுங்கள். அவர்கள் சொல்கிற நேரத்துக்கு முந்தின பஸ்ஸில் திரும்புங்கள்.

மெட்ரோவையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பழைய பயணக் குறிப்புகளில் அது இருக்காது. 2019 கடைசியில் ஓடத் தொடங்கி, போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில், காத்ர் போர்ன் வழியாக 2022இல் க்யூர்பீப் வரைக்கும் வந்துவிட்டது. கட்டியது நம்ம ஊர் எல் அண்ட் டி. நடுத்தீவு நகரங்களுக்கு அது பெரிய வசதி. கடற்கரைப் பக்கம் அது எட்டிப் பார்ப்பதில்லை.

பாஷை விஷயத்தில் உங்கள் அலுவலகத்தில் இரண்டு பேருமே தப்பு. பிரெஞ்சு தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. பள்ளிக்கூடத்திலும் அரசாங்கக் காகிதத்திலும் ஆங்கிலம்தான் என்பதால் வங்கி, போலீஸ், விமான நிலையம், மருந்துக்கடை எங்கேயும் ஆங்கிலத்தில் பேசலாம். வீட்டிலும் சந்தையிலும் கிரியோல். செய்தித்தாள் பிரெஞ்சு. ஆண்டவர்கள் ஆங்கிலேயர், பேச்சு ஏன் பிரெஞ்சுப் பக்கம் என்று கேட்பீர்கள். அதற்கான பதிலில் பாதி எங்கள் ஊர்க் கடலில் இருக்கிறது. 1810 ஆகஸ்டில் மாயேபூருக்கு எதிரே நடந்த கடற்போரில், அப்போது தீவைக் கையில் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்தார்கள். ஆங்கிலேயர் வடக்குப் பக்கமாக இறங்கி அந்த டிசம்பரிலேயே தீவைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் சரணடைந்தவர்களின் சட்டம், மதம், வழக்கங்களைத் தொட மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். கொடி மாறியது, வாய் மாறவில்லை.

'எல்லாம் நம்ம ஆட்கள்' என்ற நினைப்புதான் இதைவிட அதிகம் ஏமாற்றும். தமிழர்கள் இங்கே உண்மையாகவே பழையவர்கள். 1834க்கு அப்புறம் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கும் முன்னால், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்திருக்கிறார்கள். 1735இல் ஆளுநராக வந்த மாயே த லபூர்தொனே கூட்டிவந்தவர்கள் அவர்கள். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்தவரும் அதே ஆள்தான். எங்கள் ஊருக்கு அவர் பெயர். கடைப் பலகையில் 'ஆர்மூகம்', 'வீராசாமி' என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பார்த்ததும் உங்களுக்கு வாய் ஊறும், உள்ளே போய் "அண்ணாச்சி" என்று கூப்பிடத் தோன்றும். அவர் சிரித்துக்கொண்டே கிரியோலில் பதில் சொல்வார். பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் என்பது பள்ளியில் படித்த பாடம், கோவிலில் கேட்கிற பாட்டு. என் மாமியார் தேவாரத்தை ராகத்தோடு பாடுவார். கையில் இருக்கிற புத்தகத்தில் அது ரோமன் எழுத்தில் அச்சாகியிருக்கும். நான் வந்த புதிதில், 'தமிழே தெரியாமல் என்ன தமிழர்' என்று மனதுக்குள் நினைத்ததுண்டு. காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து, கன்னத்தில் வேல் குத்தி, கொதிக்கிற தார் ரோட்டில் அவர்கள் நடந்ததைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. விரதத்துக்கு இங்கே பெயர் 'கரேம்', பிரெஞ்சுக் கிறிஸ்தவர்களின் தவக்காலச் சொல். ரசம் 'ராசோன்'. வந்து இறங்கியதும் பணம் மாற்றுவீர்களே, அந்த நோட்டைத் திருப்பிப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும். 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று பெரிய கிளர்ச்சி எழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டு மறு வருடம் பழைய வரிசையில் அச்சடித்தார்கள். நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் படம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வழக்கறிஞருடையது. பேச்சில் இல்லாத ஒன்றுக்காக இவ்வளவு பேர் தெருவுக்கு வந்தார்கள் என்பதை நீங்கள் பிடித்துக்கொண்டால், கடைக்காரர் ஏன் தமிழில் பதில் சொல்லவில்லை என்று வருத்தப்பட மாட்டீர்கள்.

செலவு. 'தனியாகப் போனால் மலிவு' என்று இணையத்தில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். அறை வாடகை பெரும்பாலும் இரண்டு பேருக்கானது, ஒற்றை ஆளும் கிட்டத்தட்ட அதையேதான் கொடுக்க வேண்டும். தனிப் படகுக்கும் டாக்சிக்கும் தலைக்கு இவ்வளவு என்று கிடையாது, வண்டிக்கு இவ்வளவு. இங்கே உங்கள் அக்கா சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, விலை எல்லாம் ஜோடிக்குப் போட்டது. ஹோட்டல் குளத்தை விட்டு நகர மாட்டோம், மூன்று வேளையும் அங்கேயே சாப்பாடு என்று நினைக்கிற ஒரு குடும்பம் என்னிடம் கேட்டால், பேக்கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். மொத்தமாக அறை எடுக்கிற கம்பெனிக்குக் கிடைக்கிற விலை நமக்குக் கிடைக்காது. நீங்கள் மிச்சம் பிடிப்பது பஸ்ஸிலும் தெருச் சாப்பாட்டிலும். பஸ் டிக்கெட் பொதுவாக 50 ரூபாய்க்குள். இங்கத்து ரூபாய் ஒன்று நம்ம ரூபாயில் கிட்டத்தட்ட இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்சியில் மீட்டரை நம்பி ஏறாதீர்கள், கூலியைப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். அது எந்த ஸ்டாண்டைச் சேர்ந்தது என்று கதவில் எழுதியிருக்கும். பஸ் வழித்தடத்திலேயே ஆள் சேர்த்துக்கொண்டு போகிற பகிர்வு டாக்சிகளும் உண்டு, பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அலுவலக நண்பர் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவமாக இருந்தாலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள். பருப்பு அரைத்து உள்ளே வைத்த தால் பூரி, மேலே ஒரு கரண்டி பட்டர் பீன்ஸ் குழம்பு, தக்காளிச் சாறு, மிளகாய் விழுது. ஒற்றையாகத் தர மாட்டார்கள், இரண்டு இரண்டாகச் சுருட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். 'எம் பேர்' என்றால் ஒரு ஜோடி. நம்ம மசால்வடையின் தம்பி ஒருவன் 'காத்தோ பிமான்' என்ற பெயரில் காலையிலேயே எண்ணெயிலிருந்து வருவான், அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து நசுக்கித் தின்பார்கள். முதல் நாள் முகம் சுளிப்பீர்கள், மூன்றாம் நாள் நீங்களே தேடுவீர்கள். நூடுல்ஸ் கடையில் மட்டும் கவனம், காய்கறி நூடுல்ஸ் என்று சொன்னாலும் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். இங்கேயும் கடிகாரம்தான்: தெருக்கடைகள் பிற்பகலிலேயே காலியாகிவிடும், சின்ன ஊர்களில் ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடைகள் அடைத்துவிடும். சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டிய ஒன்றை யாருமே உங்களிடம் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். கடல். தீவைச் சுற்றிப் பவளப் பாறை வேலி இருப்பதால் உள்ளே தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். வேலியில் இடைவெளிகள் உண்டு, அங்கே நீரோட்டம் வெளியே இழுக்கும். தெற்கே சுயாக் பக்கத்தில் க்ரி க்ரி என்ற இடத்தில் வேலியே இல்லை, திறந்த கடல் பாறையில் வந்து மோதும். பார்க்கப் போகலாம், கண்டிப்பாகப் போங்கள், காலை நனைக்காதீர்கள். எனக்கும் நீச்சல் தெரியும் என்று இறங்குகிற இடம் அது இல்லை. அமைதியான இடத்திலும் ரப்பர்ச் செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். 'லாஃப்' என்று ஒரு மீன், கல் மாதிரியே கிடக்கும், முதுகில் விஷ முள். மிதித்தால் நேரே ஆஸ்பத்திரிதான். (2020இல் எங்கள் கரைக்கு எதிரே வகாஷியோ கப்பல் தட்டி எண்ணெய் கொட்டியதே, கடல் இன்னும் கறுப்பா என்று இப்போதும் கேட்கிறார்கள். இல்லை. கரும்புச் சோகையைத் துணியில் திணித்து மிதவை செய்து, ஊரே தண்ணீரில் நின்றது. ப்ளூ பேயில் நீங்கள் மீன் பார்க்கலாம்.)

மலை ஏறுகிற ஆசை இருந்தால் லெ பூஸ் நல்ல தொடக்கம், 812 மீட்டர். 1836இல் டார்வின் இங்கே வந்தபோது ஏறியது. லெ மோர்னின் மேல் பகுதி செங்குத்துப் பாறை, அதற்கு வழிகாட்டியோடு போங்கள். அப்படிப் போனால் 'தனிப் பயணம்' கெட்டுவிடும் என்று ஒரு பெண் என்னிடம் வாதாடினார். கெட்டால் கெட்டுப் போகட்டும், கணுக்கால் பிழைக்கும்.

விசா பற்றி அதிகம் கவலை வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவுக்கு வர முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பிப் போகிற டிக்கெட், தங்குகிற இடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று, இவற்றைக் காகிதமாகக் கையில் வையுங்கள், போனை நம்பாதீர்கள். ஒரு ஸ்வெட்டரும் எடுத்து வையுங்கள். தென்கோளம் என்பதால் செப்டம்பர் இங்கே குளிர்காலத்தின் வால். கடற்கரையில் இதமாக இருக்கும், மேட்டில் இருக்கிற க்யூர்பீப்பில் தூறலும் குளிருமாக ஊட்டி மாதிரி இருக்கும். நல்ல வேளை, புயல் காலம் நவம்பருக்கு மேல்தான்.

கார் எடுக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், நம்ம ஊர்க்காரர்களுக்குச் சாலை சொர்க்கம். ஆனால் செப்டம்பரில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருக்கும், சுமை லாரிகள் வயலிலிருந்து திடீரென்று சாலைக்கு ஏறும். வெட்டாத வயலில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நிற்பதால் குறுக்குச் சாலையில் எதிரே வருகிற வண்டி தெரியாது. இரண்டு நாளுக்கு மட்டும், தெற்கையும் மேற்கையும் பார்க்க எடுங்கள். மற்ற நாளுக்கு பஸ்.

அப்பாவை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வாதம் பண்ணாதீர்கள். முதல் நாளை மட்டும் முழுசாக ஏற்பாடு செய்து அதை அவரிடம் காட்டுங்கள்: விமான நிலையத்துக்கு வருகிற டாக்சிக்காரரின் எண், முதல் மூன்று இரவு தங்குகிற வீட்டின் முகவரி, அந்த வீட்டுக்காரரோடு அப்பாவே ஒரு தடவை போனில் பேசட்டும். என் அனுபவத்தில் அந்த ஒரு போன் பேச்சுக்கு அப்புறம் பாதி அப்பாக்கள், 'மழைக்குக் குடை எடுத்துக்கொள்' என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறார்கள்.

அப்புறம், "தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். மொரீஷியஸ் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். கோயம்புத்தூரில் ஏழு அடிக்கும்போது இங்கே ஐந்தரை, நீங்கள் ஏதாவது ஒரு கடற்கரையிலிருந்து கடைசி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பீர்கள், போன் பையின் அடியில் கிடக்கும். ஒன்பது என்று சொல்லுங்கள். இங்கே ஏழரை. அறைக்கு வந்து, குளித்து, காலில் ஒட்டின மணலையும் தட்டி முடித்திருப்பீர்கள்.